விற்றுப்போன ஆம்னி வேனும் மாதம் ஆயிரம் ரூபாயும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடையே உள்ள ஒரு விசைத்தறி ஊரில் 2023 ஜூலையில் தொடங்கி 2025 டிசம்பரில் முடிந்த விஷயம் இது. தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு அறிவித்த மாதம் ஆயிரம் ரூபாய், ஒரு தறிக்கார அம்மாவுக்குக் கிடைக்காமல் போய்க் கடைசியில் கிடைத்த கதை. ஆட்களின் பெயர், ஊர்ப் பெயர் இரண்டையும் விட்டிருக்கிறேன். அந்த ஊர்ப் படிப்பகத்தில் ஞாயிறு காலையில் மனு எழுதிக் கொடுக்கும் மேசை ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொள்ளும் நாலைந்து பேரில் நானும் ஒருவன். நலத்திட்டத்தை எல்லாருக்கும் கொடுப்பதா, தகுதி பார்த்துக் கொடுப்பதா என்ற பழைய சண்டை ஒரே தெருவுக்குள் எப்படி நடக்கிறது என்பதைப் பதிவு செய்வதற்காக இதை எழுதுகிறேன்.

பின்னணி

அந்த அம்மாவுக்கு அப்போது 46 வயது. வீட்டை ஒட்டிய குடோனில் எட்டுத் தறிகள். ஊர்க் கணக்கில் அவர்கள் 'தறி ஓனர்'. ஆனால் நூல் அவர்களுடையது இல்லை. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் (நீளவாட்டு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) கொடுப்பார், இவர்கள் துணியாக நெய்து கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார்கள். 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு இந்தப் பகுதியில் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. அதே ஆண்டு செப்டம்பரில் மின்கட்டணமும் ஏறியது. 2023இல் விசைத்தறிக்கான இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்ந்ததில்தான் கொஞ்சம் மூச்சு விட்டார்கள்.

ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவது, பாவு பிணைக்கும்போது கூட நிற்பது, ராத்திரி ஷிப்டுக்கு ஆள் வராவிட்டால் தறி ஓட்டுவது எல்லாம் அந்த அம்மாதான். இதற்கெல்லாம் யாரும் அவருக்குச் சம்பளம் என்று எழுதியதில்லை. சம்பளம் இல்லாத இந்த உழைப்பை மதித்துத் தரும் தொகை என்றுதான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை அரசு அறிமுகப்படுத்தியது.

2021 தேர்தலில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று தி.மு.க. வாக்குக் கொடுத்தது. ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே அரசின் நிதி நிலை பற்றி வெள்ளை அறிக்கை வந்தது. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் சுமார் 2.63 லட்சம் ரூபாய் அரசுக் கடன் இருக்கிறது என்று அதில் கணக்குச் சொன்னார்கள். 2023 மார்ச் பட்ஜெட்டில் 7,000 கோடி ஒதுக்கியபோது, தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மட்டும் என்று திட்டம் சுருங்கியிருந்தது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்குக் கார், ஜீப் போன்ற நான்கு சக்கர வண்டி இருக்கக் கூடாது.

இடது சாய்வுள்ள மையக் கட்சிகள் பல நாடுகளிலும் வந்து நிற்கும் இடம்தான் இது. கொள்கை அளவில் எல்லாருக்கும், கஜானாவைத் திறந்து பார்த்தால் இல்லாதவர்களுக்கு மட்டும்.

கவனித்தவை

ஜூலை, ஆகஸ்டில் ரேஷன் கடை வாரியாக டோக்கன் கொடுத்து முகாம் நடத்தினார்கள். கைரேகை வைத்து விண்ணப்பம் ஏற்றினார்கள். எங்கள் பகுதி முகாம் ஒழுங்காகவே நடந்தது. அந்த அம்மாவும் விண்ணப்பித்தார். குடோனுக்குத் தனி மின் இணைப்பு, வீட்டு உபயோகம் குறைவு, நிலம் இல்லை. நிச்சயம் கிடைக்கும் என்றுதான் தெருவே நினைத்தது.

செப்டம்பர் 15ஆம் தேதி திட்டம் தொடங்கியது. விண்ணப்பித்த 1.63 கோடிப் பேரில் சுமார் 1.06 கோடிப் பேருக்குப் பணம் போனது. 18ஆம் தேதியிலிருந்து மற்றவர்களுக்குக் குறுஞ்செய்தி வர ஆரம்பித்தது. இவருக்கு வந்த காரணம், குடும்பத்தில் நான்கு சக்கர வாகனம் இருக்கிறது என்பது.

"வண்டியே இல்லீங்கண்ணா. வூட்ல இருக்கறது ஒரு டிவிஎஸ் எக்ஸெல். எந்த வண்டியச் சொல்றாங்கன்னே தெரியலீங்க," என்றார் மேசைக்கு வந்து.

கணவரைக் கூப்பிட்டுப் பேசியதில்தான் விஷயம் வெளியே வந்தது. 2011இல் நூல் பை ஏற்றி இறக்க ஒரு பழைய மாருதி ஆம்னி வாங்கியிருக்கிறார். 2017இல் வெள்ளகோவில் பக்கம் ஒரு காய்கறி வியாபாரிக்கு விற்றுவிட்டார். ஆர்.சி. புத்தகத்தையும் கையெழுத்துப் போட்ட 29, 30 எண் பெயர் மாற்றப் படிவங்களையும் கொடுத்து, பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வாங்கினவர் பெயர் மாற்றவே இல்லை. போக்குவரத்துத் துறையின் கணினியில் ஆம்னி இன்னும் இவர் வாசலில்தான் நின்றது.

சட்டப்படி பார்த்தால் அலுவலகத்தைக் குறை சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, விற்றவரும் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் இந்தப் பக்கம் பழைய வண்டி கைமாறுவது எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். படிவத்தில் கையெழுத்து, கையில் பணம், அவ்வளவுதான்.

அதே தெருவில் நாங்கள் பார்த்த வேறு இரண்டு வீடுகளையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டு வாசலில் நல்ல நிலையில் ஒரு கார் நிற்கிறது. அது தனி ரேஷன் கார்டு வைத்திருக்கும் தம்பி பெயரில் இருப்பதால் அந்த வீட்டுக்குப் பணம் வந்தது. இன்னொன்று, பின்னால் லைன் வீட்டில் குடியிருக்கும் திண்டுக்கல் பக்கத்துப் பெண். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ரேஷன் கார்டு சொந்த ஊரில் இருந்ததால் முகாமுக்கு அங்கேதான் போக வேண்டியிருந்தது. லீவு போட்டுச் சம்பளம் இழந்து போய் வந்தார், பணமும் வந்தது. அவருடைய கம்பெனியிலேயே வேலை செய்த இன்னொரு பெண்ணுக்கு லீவு கிடைக்கவில்லை, விண்ணப்பிக்கவே இல்லை. நிராகரிக்கப்பட்டவர் எண்ணிக்கையில் இப்படிப்பட்டவர்கள் வரவே மாட்டார்கள்.

எங்களுக்குள் நடந்த வாதம்

மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் இருந்தது. அதற்குள் என்ன செய்வது என்பதில் படிப்பகத்தில் மூன்று கருத்து இருந்தது. அந்த மூன்றையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பிறகு எடுத்த முடிவுகள் அங்கிருந்துதான் வந்தன.

நூற்பாலையில் கணக்கு எழுதும் நண்பர் தகுதி பார்ப்பதை ஆதரித்தார். ரேஷன் கார்டுகள் சுமார் 2.2 கோடி. எல்லாருக்கும் கொடுத்தால் ஆண்டுக்கு 26,400 கோடி. 1.06 கோடிப் பேருக்கு என்றால் 12,720 கோடி. மிச்சமாகும் 13,000 கோடிக்கு மேற்பட்ட பணத்தில் காலை உணவு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எவ்வளவு நடத்தலாம் என்று கேட்டார். பிரிட்டனில் பிளேரின் தொழிற்கட்சி அரசு குழந்தைகள் இருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு வரிச் சலுகை வழியாகப் பணம் கொடுத்துக் குழந்தை வறுமையைக் குறைத்ததை உதாரணம் காட்டினார். நியாயமான வாதம். இதைச் சொல்கிறவர்களை ஏழைக்கு விரோதி என்று ஒதுக்கிவிடுவது சோம்பேறித்தனம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் நேர் எதிர். பிளேர் காலத்து அதே திட்டத்தில் 2003-04இல் சுமார் 200 கோடி பவுண்டு அதிகமாகப் போய்விட்டது என்று கணக்குப் பார்த்து, வாங்கிச் செலவழித்த குடும்பங்களிடமே திருப்பிக் கேட்டார்கள் என்றார். நெதர்லாந்தில் நடந்தது இன்னும் மோசம். குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசடிக்காரர்கள் என்று வரித்துறை முத்திரை குத்திக் கடனில் தள்ளியது. 2021 ஜனவரியில் அந்த அரசே ராஜினாமா செய்தது. இது நடந்த ஆண்டுகளில் சமூக நலத்துறை அமைச்சராக இருந்தவர் தொழிற்கட்சிக்காரர். அவரும் அதே மாதம் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். "கம்ப்யூட்டர் சொன்னா அது சரி, ஆள் சொன்னா பொய். ஆம்னிக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார் ஆசிரியர்.

கணக்கர் விடவில்லை. அது அமலாக்கத்தில் வந்த கோளாறு, கொள்கையின் கோளாறு இல்லை என்றார். அதற்கு ஆசிரியர் ஜெர்மனிக்குப் போனார். ஷ்ரோடரின் சமூக ஜனநாயக அரசு 2003இல் சீர்திருத்தத்தை அறிவித்து, 2005 முதல் நீண்டகால வேலையில்லாதோருக்கான உதவியைக் குறைந்தபட்ச உதவியோடு இணைத்து, நிபந்தனைகளைக் கடுமையாக்கியது. 2005 தொடக்கத்தில் 50 லட்சமாக இருந்த வேலையில்லாதோர் 2008 இறுதிக்குள் 30 லட்சத்துக்குக் கீழே வந்தது உண்மைதான். அந்தக் கட்சியின் சொந்தத் தொழிலாளர் தளம் உடைந்து இன்னொரு இடதுசாரிக் கட்சி உருவானதும் உண்மை. 2019இல் அரசியல் சாசன நீதிமன்றம், உதவியில் 30 சதவீதத்துக்கு மேல் வெட்டுவது செல்லாது என்றது. 2023இல் அதே கட்சி தலைமையிலான அரசு அந்த உதவி முறைக்குப் பெயரையும் பல விதிகளையும் மாற்றியது.

மூன்றாமவர் தறிக்காரர் சங்கத்தில் ரொம்ப நாள் இருந்த பெரியவர். அவருக்கு இரண்டு பேருமே தப்பு. "இலவசம் குடுத்துக் குடுத்து வேலைக்கு ஆளே வர்றதில்லீங்க. நூறு நாள் வேலைல ஆரம்பிச்சுது," என்றார். கொங்கு நாட்டில் எந்த டீக்கடையிலும் கேட்கும் பேச்சு இது. அவருக்குத் தறிக் குடோனில் 1,000 யூனிட் இலவசம், தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு முழுக்க இலவசம். அதைச் சுட்டிக் காட்டியபோது கோபம் வந்துவிட்டது. "அது இலவசமில்ல. பெருமாநல்லூர்ல சுட்டாங்க, உசுரு போச்சு. அது நாங்க வாங்குனது."

இந்தப் பதிலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மின்கட்டணத்தை யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்த போராட்டத்தில் 1970இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து விவசாயிகள் இறந்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் அந்த இயக்கம் வளர்ந்தது. 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அப்புறம் வந்த எந்த அரசும் அதில் கை வைத்து நிலைக்கவில்லை. காரணம், பம்ப்செட் வைத்த பெரிய விவசாயியும் சின்ன விவசாயியும் ஒரே வரிசையில் நின்றார்கள். அந்தச் சலுகையில் அதிகம் லாபம் பெரிய மோட்டார் வைத்தவருக்கு, கிணறே இல்லாத கூலிக்காரருக்கு எதுவும் இல்லை என்ற விமர்சனமும் சரிதான். ஆனால் அதை யாராலும் எடுக்க முடியவில்லை. ஏழைகளுக்கு மட்டும் என்று குறிவைக்கும் நாடுகளில் மொத்த ஒதுக்கீடே சுருங்கிவிடுகிறது, எல்லாரும் பங்கு பெறும் நாடுகளில்தான் ஏழைக்கும் அதிகம் போகிறது என்று 1998இல் கோர்ப்பி, பால்மே என்ற இரண்டு ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். பெரியவர் அவர்களைப் படித்ததில்லை. சொன்னது அதைத்தான்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, விதியை எதிர்த்துப் பேசாமல் விதிக்குள்ளேயே மேல்முறையீடு செய்வது. ஆசிரியருக்கு இதில் மனமில்லை. 'வாகன விதியே தப்பு' என்று எழுத வேண்டும் என்றார். மேல்முறையீட்டை விசாரிக்கும் கோட்டாட்சியருக்கு விதியை மாற்றும் அதிகாரம் கிடையாது, வண்டி இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் அவர் பார்க்க முடியும். அதனால் மனுவில் விற்ற விவரம், விற்ற ஆண்டு, வாங்கியவர் பெயர், வண்டி வீட்டில் இல்லை என்பதற்கு அக்கம்பக்கத்தார் கையெழுத்து ஆகியவற்றை மட்டும் வைத்தோம்.

இரண்டாவது முடிவு, ஆவணத்தைச் சரிசெய்யும் வேலையை உடனே தொடங்குவது. மேல்முறையீடு தோற்றாலும் ஆம்னி இவர் பெயரிலேயே இருந்தால் அடுத்த திட்டத்திலும் இதே தடைதான் வரும்.

மூன்றாவது, அக்டோபர் 2 கிராம சபையில் பொதுவாக ஒரு தீர்மானம் கொண்டுவருவது. எல்லாருக்கும் கொடு என்று கேட்பதா, தகுதி பார்ப்பதைச் சரியாகச் செய் என்று கேட்பதா என்பதில் ஒரு ராத்திரி முழுக்கப் பேச்சு. கடைசியில் இரண்டாவதையே எடுத்தோம். கணினிப் பதிவை வைத்து ஒருவரை நீக்கும் முன் அந்தப் பதிவை அவருக்குக் காட்டி 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்பதுதான் தீர்மானம். கணக்கர், ஆசிரியர் இரண்டு பேரும் கையெழுத்துப் போடக்கூடிய ஒரே வாசகம் அதுதான்.

நடந்தவை

மேல்முறையீட்டை இ-சேவை மையத்தில் ஏற்றினோம். விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கே வந்தார். எட்டுத் தறி குடோனையும் டிவிஎஸ் எக்ஸெல்லையும் பார்த்தார். "வண்டி இல்லேன்னு எனக்கே தெரியுதுங்க. ஆனா கம்ப்யூட்டர்ல இருக்கறத நான் எப்படி அழிக்கறது?" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. 2023 நவம்பரில் மேல்முறையீட்டின் வழியாக மாநிலம் முழுக்க 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்கள். இவர் அதில் இல்லை. காரணம் பழையதுதான்.

ஆம்னியைத் தேடியது தனிக் கதை. வெள்ளகோவில்காரர் அதை ஒட்டன்சத்திரம் பக்கம் விற்றிருந்தார். அங்கிருந்து அது காயலான் கடைக்குப் போய் உடைக்கப்பட்டிருந்தது. அதனால் பெயர் மாற்றம் என்ற பேச்சே இல்லை. சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி பதிவையே ரத்து செய்யச் சொல்லி, பதிவில் உள்ள உரிமையாளர் என்ற முறையில் கணவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஆர்.சி. வேண்டும், வண்டி உடைந்ததற்கு அத்தாட்சி வேண்டும், பாக்கி வரி இருந்தால் கட்ட வேண்டும். ஆர்.சி. தொலைந்துபோனதற்குப் போலீஸில் புகார் கொடுத்துச் சான்று வாங்கினோம். புரோக்கர் ஒருவர் 6,000 ரூபாய் கேட்டார், வேண்டாம் என்று நேராகவே போனார்கள். ஒவ்வொரு தடவையும் தறியை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். 2024 நடுவில் பதிவு ரத்தானது.

அப்போது விண்ணப்பிக்க வழி இல்லை. புதிய விண்ணப்பம் எப்போது வாங்குவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. 2025 ஜூலையில் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள் தொடங்கியபோது மறுபடி விண்ணப்பித்தார். டிசம்பரில் திட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கியதும் பணம் வந்தது. 2023 செப்டம்பர் முதல் 2025 நவம்பர் வரை 27 மாதம், 27,000 ரூபாய். அந்தப் பாக்கியைக் கொடுக்க விதியில் இடமில்லை. இதற்கிடையில் நான்கு தறிகளைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்கள். இந்தப் பணம் வந்திருந்தால் விற்றிருக்க மாட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். கூலிப் பிரச்சினை வேறு, இது வேறு.

கிராம சபை

இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது கிராம சபைதான்.

ரேஷன் கடையில் எடை குறைந்தால் இந்த ஊரில் ஐம்பது பேர் சத்தம் போடுவார்கள். பச்சரிசி கறுப்பாக இருந்தால் தலைவர் வீட்டு வாசலுக்கே பை வந்துவிடும். 1997இல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்கவில்லை. அரிசி கார்டு, சர்க்கரை கார்டு, பொருளில்லா கார்டு என்று வைத்து எது வேண்டும் என்பதைக் குடும்பத்திடமே விட்டது. வசதியானவர் தானாக வரிசையை விட்டு விலகுவார், அதற்கு யாரும் அவர் வீட்டு வண்டியை எண்ணத் தேவையில்லை. ஆனால் ரேஷன் கெட்டுப்போனால் தறி ஓனரும் தறி ஓட்டுபவரும் சேர்ந்தே கேட்பார்கள்.

அக்டோபர் 2 அன்று தீர்மானத்தை வாசித்தபோது பணம் கிடைத்த பெண்களில் பெரும்பாலோர் வரவில்லை. வந்தவர்கள் பேசவில்லை. காரில் போகும் வீட்டுப் பெண்ணும் பின்வரிசையில் இருந்தார். பிறகு ஒருத்தர் அந்த அம்மாவிடமே சொன்னாராம்: "நான் பேசினா எம்பேரயும் எடுத்துருவாங்கக்கா. தப்பா நெனைக்காதீங்க." கிடைக்காதவர்கள் பேசினார்கள், ஆனால் தீர்மானத்தைப் பற்றி இல்லை. அவளுக்குக் கிடைத்தது எனக்கு ஏன் இல்லை என்று. மொட்டை மனு ஒன்றும் அந்த வாரம் போனது, கார் வீட்டுக்காரர் மேல். யார் போட்டது என்று இன்றும் தெரியாது.

தீர்மானம் நிறைவேறியது, யாரும் எதிர்க்கவில்லை. யாரும் பின்தொடரவும் இல்லை. வட்ட அளவில் எடுத்துப்போக பக்கத்து ஊர்களில் கையெழுத்துக் கேட்டபோது, கிடைத்தவர்கள் ஒதுங்கினார்கள்.

தகுதிச் சோதனையை விமர்சிப்பவர்கள் பெரும்பாலும் தவறாக விடுபட்டவர்களைத்தான் பேசுகிறார்கள். அதை நல்ல மென்பொருளும் நல்ல அதிகாரியும் ஓரளவு சரிசெய்துவிடலாம். தெருவைக் கிடைத்தவள், கிடைக்காதவள் என்று பிரித்ததை எந்த மென்பொருளும் சரிசெய்யாது. கணக்கரின் 13,000 கோடி மிச்சத்தில் இந்தச் செலவு எழுதப்படவில்லை. நாளைக்கு ஒரு அரசு வந்து இந்தத் தொகையை நிறுத்தினால் பெருமாநல்லூர் மாதிரி யார் வரிசையில் நிற்பார்கள் என்று ஆசிரியர் கேட்டபோது பெரியவரே தலையைத் திருப்பிக்கொண்டார்.

கணக்கரின் பக்கம் ஒன்று சொல்லியாக வேண்டும். எல்லாருக்கும் என்று 26,400 கோடிக்குக் காத்திருந்தால் திட்டமே 2023இல் தொடங்கியிருக்காது. லைன் வீட்டுப் பெண் அந்த ஆயிரத்தை மகளின் டியூஷனுக்குக் கட்டுகிறார். அந்தப் பணம் உண்மை.

மாற்றியவை

இப்போது மேசைக்கு யார் வந்தாலும், எந்தத் திட்டத்துக்காக வந்தாலும், முதலில் ஆதார், ரேஷன் கார்டு, மின் இணைப்பு, பழைய வண்டி நான்கும் யார் பெயரில் இருக்கின்றன என்று பார்க்கிறோம். வண்டி விற்கிறவர்களிடம் வாங்குபவர் பெயர் மாற்றுவார் என்று நம்பாமல் நீங்களே பதிவு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள் என்கிறோம். அப்படி வந்ததில் ஒரு டெம்போவும் இரண்டு கார்களும் சரியாகிவிட்டன.

கூட்டு மனு எழுதும் முறையையும் மாற்றினோம். கிடைக்காதவர்கள் பட்டியலை மட்டும் கொண்டு போவதில்லை. கிடைத்தவர்களுக்கும் உறுத்தும் ஒரு விஷயத்தோடு சேர்த்தே கேட்கிறோம். உதாரணத்துக்கு, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி பிடித்துக்கொள்ளும் தொகை. அதற்கு இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள். நீக்கும் முன் 15 நாள் அவகாசம் கேட்ட கிராம சபைக் கோரிக்கையை அந்த மனுவின் இரண்டாவது பத்தியாகச் சேர்த்தோம். முதல் பத்திக்கு வங்கியிலிருந்து பதில் வந்துவிட்டது. இரண்டாவதுக்கு இன்னும் இல்லை.